வகையறா டீச்சரும் தீபாவளி இல்லாத காலண்டரும்

எந்தப் பொருளைக் கண்டாலும், இதை எண்ண வேண்டுமா, நிறுக்க வேண்டுமா, அளக்க வேண்டுமா என்று கேட்டு முடிக்காமல் கையால் தொடாத ஒரு பிறவியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமில்லை, ஐந்து வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வயிறெரிந்திருக்கிறேன். ஆபீஸில் அவளுக்கு வகையறா டீச்சர் என்று பெயர். நேரில் 'டீச்சர், வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் அவள், இவள்தான். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன், பொய் சொன்ன பாவம் வேண்டாம்.

எங்கள் கம்பெனி சிவகாசியில் ஒரு பேப்பர் ஸ்டோருக்கு மேல்மாடியில் இருந்தது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு என்று மூன்று தொழில் இருக்கிற ஊரில் எங்கள் முதலாளி நாலாவதாக சாப்ட்வேர் தொடங்கினார். தொடங்கி என்ன, கடைசியில் நாங்கள் செய்ததும் அச்சுக்காரர்களுக்கான வேலைதான். காலண்டரும் டைரியும் அடிக்கிறவர்களுக்குத் தேதியையும் திதியையும் இடம் பார்த்து உட்கார வைத்துக் கொடுக்கும் புரோகிராம். அதை எழுத முதலில் இருந்தது நான் ஒருத்திதான். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் முதலாளி என்னைக் காட்டி, "நம்ம கம்பெனிக்கு மூளையே இந்தம்மாதான்" என்பார். காலையில் என் ஊரான திருத்தங்கலில் பஸ் ஏறும்போதே எனக்குத் தலை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அவள் வந்தாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைவிட இரண்டு வயது இளையவள். வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் படித்து வந்திருந்தாள். இன்டர்வியூவில் நானும் முதலாளிக்குப் பக்கத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன வருச அனுபவம்மா ஒங்களுக்கு?" என்றார் முதலாளி.

"முழு வருசமாச் சொல்லணுமா சார், மாசத்தையும் சேத்துக்கிடலாமா?"

முதலாளி சிரித்துவிட்டார். "எப்படி வேணாலும் சொல்லுங்க."

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார். முழு எண்ணுன்னா ஆறு. தசமம்னா ஆறு புள்ளி ஏழு அஞ்சு. நீங்க எந்த வகையறாவுல கேக்கீகன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

வேலை அந்த இடத்திலேயே கிடைத்தது. பெயரும் அந்த இடத்திலேயே கிடைத்தது. எனக்கு வேலை கொடுக்க இதே மனிதர் மூன்று தடவை அலையவிட்டார் என்பது என் ஞாபகத்துக்கு வந்தது.

சேர்ந்த இரண்டாவது மாதம் அரை நாள் லீவு வேண்டும் என்றாள். முதலாளி சரி என்றார். வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "சார், இந்தக் கட்டம் முழு எண்ணு வகையறா. இதுல அரை நுழையாது" என்றாள். "எதையாச்சும் போடுங்கம்மா" என்றார் அவர். அவள் முழு நாள் லீவு போட்டாள். போட்டுவிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸுக்கு வந்து வேலையும் பார்த்தாள். லீவில் இருக்கிறவர்கள் எப்படி வேலை பார்க்கலாம் என்று நான் கேட்டதற்கு, "நான் வேல பாக்கல யக்கா, சும்மா வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நான் ஒரு வாரமாக மல்லுக்கட்டிய ஒரு தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். லீவு நாளில்!

சாத்தூர்ச் சேவுக் கடையில் அவள் செய்த கூத்தை நானே கண்ணால் பார்த்தேன். "காக்கிலோ" என்று நான் கேட்டு வாங்கி முடித்துவிட்டேன். அவள் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, முழுச் சேவும் உடைஞ்ச சேவும் ஒரே எடைதானா?" என்றாள். அவர் பத்து நிமிடம் கழித்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "தாயி, நீங்க எம்புட்டு வேணும்னாலும் அள்ளிக்கோங்க. என்னைய விட்டிருங்க" என்றார். அவள் பையில் விழுந்தது பூராவும் முழுச் சேவு. என் பையில் பாதி தூள்.

இந்த இடத்தில் கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வதற்கு லூப் என்று பெயர். முந்நூற்று அறுபத்தைந்து தாள் வேண்டுமென்றால் அத்தனை தடவை எழுத வேண்டியதில்லை. ஒரு தடவை எழுதி, சுற்றி வா என்று சொன்னால் போதும். இப்போது எத்தனையாவது சுற்று என்று ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பெயர் மட்டும் வேண்டும். அந்தப் பெயர் எந்த வகை, முழு எண்ணா, தசமமா, எவ்வளவு பெரிய எண் வரைக்கும் அதில் கொள்ளும் என்பதை முன்னெல்லாம் நாமே சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிய மொழியில் அந்தச் சிரமம் இல்லை. 'வார்' என்று இங்கிலீஷில் மூன்றெழுத்துப் போட்டால் போதும். தொடக்கத்தில் வைக்கிற மதிப்பு எந்த வகையோ, அதுதான் இதற்கும் என்று மொழியே தீர்மானித்துக்கொள்ளும்.

எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு. டீச்சருக்கு ஆகவே ஆகாது. என் புரோகிராமில் எங்கே 'வார்' கண்டாலும் ஸ்கிரீனில் விரலை வைத்து, "இது எந்த வகையறா யக்கா?" என்பாள். அவள் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் வகையைத் தன் கையாலேயே எழுதுவாள். "சுத்தப் போறவன் யாருன்னு தெரியாம எப்படிச் சுத்த விடுறது?" என்பாள்.

"மொழிதான் பாத்துக்கிடுமே டீச்சர்."

"மொழி தொடக்கத்தத்தான் பாக்கும். போய்ச் சேர்ற இடத்த நாமதான பாக்கணும்?"

ராத்திரி சாப்பாட்டில் இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் டைரி பைண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மா சொல்றதும் சரியாத்தான படுது" என்றார். அன்றைக்கு அவருக்கு மூன்றாவது தோசை சட்னி இல்லாமல்தான் கிடைத்தது.

முதலாளி புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது பந்தியில் வடை பரிமாற நானும் அவளும் ஆளுக்கொரு வாளியுடன் இரண்டு வரிசையில் நின்றோம். நான் ஒன்றோ இரண்டோ எண்ணாமல் மடமடவென்று போட்டுக்கொண்டு போனேன். அவள் வரிசையின் தலைமாட்டிலேயே நின்று சமையல்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, வடை இலைக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"

"ரெண்டும் ஒண்ணுதானம்மா. போடுங்க, சாம்பார் ஆறுது."

"எப்படி ஒண்ணாகும்? அங்கன பாருங்க, ஒரு இலையில அம்மாவும் மடியில பிள்ளையும். இங்கன ஒரு இலையில ஆளே இல்ல, கை கழுவப் போயிருக்காக."

சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆளுக்குத்தாம்மா" என்றார். அவள் வரிசையில் கடைசி ஆளுக்குக் கடைசி வடை விழுந்தது. என் வரிசையில் கடைசி எட்டுப் பேர் வாளியை எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் முதலாளியின் மாமனார். முதலாளியின் மனைவி கூடத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "அந்த டீச்சருக்கு நல்ல கைராசி" என்றார். எனக்கு அன்றைக்குப் பாயசமே இறங்கவில்லை.

சேவு, வடை என்று போய்க்கொண்டிருந்தால் நானும் தாங்கியிருப்பேன். அவள் சேர்ந்த மூன்றாவது வருடம் முதலாளி எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, வேலை கூடிவிட்டது, டீம் லீடர் என்று ஒருத்தரைப் போடப் போகிறேன் என்றார். ஆடிப் பதினெட்டுக்கு ஊரில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு பெரிய அச்சகத்துக்குத் தினசரிக் காலண்டர் வேலையைக் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். அது நல்லபடியாக முடிந்ததும் பெயரைச் சொல்கிறேன் என்றார். சொல்லும்போது அவர் பார்வை என் மேல் கொஞ்ச நேரமும் டீச்சர் மேல் கொஞ்சம் கூடுதல் நேரமும் நின்றது. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தக் காலண்டர் புரோகிராம் என்னுடையது. நான் முதன்முதலில் எழுதியது, வருடாவருடம் ஓடுவது. இந்தத் தடவை ஒரு மாற்றம் கேட்டிருந்தார்கள். சில வாடிக்கையாளர்களுக்கு ஜனவரி ஒன்றில் தொடங்க வேண்டும், சிலருக்குச் சித்திரை ஒன்றில். ஆகவே ஒன்று என்று நேரடியாக எழுதியிருந்த இடத்தில், தொடக்க நாளை செட்டிங்ஸிலிருந்து எடுத்து வந்து வைத்தேன். ஜனவரி ஒன்று என்றால் ஒன்றாவது நாள். சித்திரை ஒன்று என்றால் நூற்று நாலாவது நாள். அதற்கு மேல் யாரும் காலண்டர் தொடங்கப் போவதில்லை. எனவே செட்டிங்ஸில் அந்த எண்ணை இருப்பதிலேயே சின்ன வகையில், பைட் என்பார்கள், அதில் சேமித்தேன். அதில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்கும் கொள்ளும். இடத்தை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். மார்ச் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். மூன்று மாதம் ஒழுங்காக வந்தது. மற்ற ஒன்பதும் வராமல் எங்கே போகும்?

காட்டுவதற்கு முதல் நாள் சாயங்காலம் டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, இந்த வார் எந்த வகையறா?"

"தொடக்கத்துல என்ன இருக்கோ அந்த வகையறா."

"தொடக்கத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணு. ஒண்ணுல என்ன டீச்சர் வகையறா? ஒண்ணுன்னா ஒண்ணு."

"அந்த ஒண்ணு எங்கன இருந்து வருது?"

"செட்டிங்ஸ்ல இருந்து."

"அங்கன அது…"

நான் லேப்டாப்பை மூடினேன். "டீச்சர், சாத்தூர் பஸ் போயிரும். கிளம்புங்க." அவள் என் முகத்தைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நாலாவது கேள்வியைக் கேட்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

மறுநாள் அச்சகத்தில் அதன் உரிமையாளர், முதலாளி, நான், டீச்சர் நாலு பேரும் ஒரு பிரிண்டரைச் சுற்றி நின்றோம். அச்சகக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நான் பட்டனைத் தட்டினேன். தாளுக்கு ஒரு நாளாகப் பிரிண்டர் தள்ளத் தொடங்கியது. அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலண்டர்த் தொழிலில் இருக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல விசேஷ நாட்களை மட்டும் தேடித் தேடிப் புரட்டினார். பொங்கல் சரி. சித்திரை ஒன்று சரி. ஆடிப் பதினெட்டு சரி. "பிரமாதம்மா" என்றார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். டீம் லீடர் என்ற பலகை எந்தச் சுவரில் நன்றாக இருக்கும் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

"தீபாவளி எங்கனம்மா?" என்றார் அண்ணாச்சி.

"பின்னால வருது அண்ணாச்சி."

அவர் புரட்டினார். செப்டம்பர் பதினொன்று. செப்டம்பர் பன்னிரண்டு. அடுத்த தாளில் போன வருடத்து டிசம்பர் முப்பத்தொன்று, திதியும் இல்லாமல் நட்சத்திரமும் இல்லாமல் மொட்டையாக நின்றது. அதற்கடுத்தது ஜனவரி ஒன்று. பிரிண்டர் அதன்பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. பொங்கல் வந்தது. சித்திரை வந்தது. செப்டம்பர் பன்னிரண்டு வந்தது. மறுபடியும் மொட்டைத் தாள், மறுபடியும் ஜனவரி.

"ஏம்மா, மூணு பொங்கல் வந்திருச்சு. தீபாவளி ஒண்ணுகூட வரல. சிவகாசியில ஒக்காந்துக்கிட்டு தீபாவளி இல்லாத காலண்டரையா அடிக்கச் சொல்றீக?"

சத்தம் கேட்டுப் பக்கத்து மிஷின்களில் இருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் அடிக்கிறவர். "அண்ணாச்சி, அப்ப நமக்கு இனிமே சீசனே கெடையாதா?" என்று நிஜமாகவே கவலைப்பட்டார். நான் பிரிண்டரை நிறுத்தப் போய், பதற்றத்தில் பேப்பர் தட்டை உருவி, இருநூறு வெற்றுத்தாளைத் தரையில் கொட்டினேன்.

என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னுடைய 'வார்' தொடக்க நாளைப் பார்த்தது. அது பைட். ஆகவே தன்னையும் பைட் என்று வைத்துக்கொண்டது. இருநூற்று ஐம்பத்தைந்தாவது நாள், அதாவது செப்டம்பர் பன்னிரண்டு வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் அதில் கொள்ளாது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. முந்நூற்று அறுபத்தைந்தை அது என்றைக்கும் தொடப் போவதில்லை என்பதால் நிற்கவும் போவதில்லை. முந்தின நாள் டீச்சர் கேட்டதெல்லாம் இதைத்தான்.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. "யாரும்மா இதச் சரிபாத்தது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "நாந்தான் சார். நேத்துச் சாயங்காலம் பாத்தேன். பாத்துட்டுச் சரின்னு விட்டுட்டேன். என் தப்பு."

சொல்லிவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். 'வார்' என்பதை அழித்துவிட்டு, பெரிய முழு எண்ணும் கொள்கிற 'இன்ட்' என்ற ஒரே வார்த்தையை எழுதி ஓடவிட்டாள். பிரிண்டர் முந்நூற்று அறுபத்தைந்து தாளைத் தள்ளிவிட்டுச் சமர்த்தாக நின்றது. அண்ணாச்சி தீபாவளித் தாளைத் தனியாக எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆர்டர் கிடைத்தது.

வீட்டுக்குப் போனேன். தப்பித்தோம் என்ற நிம்மதி கொஞ்சம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம். வேலை அவளுக்கு நன்றாக வரும், சரி. வடை சரியாக விழும், சரி. நல்ல சேவு கிடைக்கும், அதுவும் சரி. நான் பண்ணிய தப்பையும் அவளே தூக்கிக்கொண்டு போய்விட்டால் இந்த ஆபீஸில் எனக்கென்று என்னதான் மிச்சம்? இனி டீம் லீடர் பதவி எனக்கு வந்தால்கூட அது அவள் போட்ட பிச்சை. இவ்வளவு நல்லவளாக இருக்க இவளுக்கு எப்படி முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக முதலாளி அறைக்குப் போனேன்.

"சார், நேத்து நடந்தது என் தப்பு. டீச்சர் சரின்னு விடல. கேள்வி மேல கேள்வி கேட்டாக. நாந்தான் மூஞ்சியில அடிச்ச மாதிரி அனுப்பிட்டேன்."

முதலாளி டீயை ஒரு வாய் குடித்தார். "தெரியும்மா."

"அவுக சொல்லிட்டாகளா?"

"அவுக எங்க சொல்றாக? அந்தம்மா ஒண்ணப் பாத்துட்டுச் சரின்னு விட்டுட்டேன்னு சொன்னா இந்தச் சிவகாசியில எவன் நம்புவான்? பொய் சொல்லவும் ஒரு பழக்கம் வேணும்லா?" பிறகு குரலை இறக்கி, "நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா பதவி அவுகளுக்குத்தாம்மா. வருத்தப்படாதீக" என்றார்.

வருத்தப்பட்டேன். நன்றாகவே பட்டேன். அவள் டீம் லீடர் ஆனாள். கண்ணாடி வைத்த தனி அறை கொடுத்தார்கள். ஒரு வாரம் அதில் இருந்து பார்த்துவிட்டு, அங்கே சண்டை போட ஆளில்லை என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி என் பக்கத்துக்கே வந்தாள். இரண்டு வருடம் நாங்கள் போட்ட சண்டையில் கீழே பேப்பர் ஸ்டோரில் இருந்து ஆட்கள் மேலே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு சண்டையிலும் அவள்தான் சரி. நான் தோற்று, எரிச்சல்பட்டு, மறுநாள் அதைவிடக் கெட்டியாக ஒரு காரணம் யோசித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். அந்த இரண்டு வருடத்தில் எழுதின மாதிரி நல்ல புரோகிராம் நான் அதற்கு முன்னாலும் எழுதவில்லை, பின்னாலும் எழுதவில்லை.

போன வருடம் அவள் கணவருக்குக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டாள். பதவி எனக்கு வந்தது. கண்ணாடி அறையும் வந்தது. இப்போது நான் என்ன சொன்னாலும் எல்லாரும் சரி மேடம் என்கிறார்கள். எனக்கு மத்தியானத்துக்கு மேல் தூக்கம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் பண்ணுவாள். போன வாரம் குரலில் ஒரே உற்சாகம். "யக்கா, இங்கன புது ஆபீஸ்ல எனக்குப் பக்கத்துச் சீட்ல ஒருத்தி இருக்கா. நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்பது சொல்றா. மல்லுக்கு நிக்கிறா. அப்படியே ஒங்கள மாதிரி!" என்று சிரித்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் குஷியாகப் பதில் வந்தது, சாப்பாடும் சேர்ந்துதானாம். போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. டீச்சர் மேல் எனக்கிருந்த பொறாமையெல்லாம் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் அது முழுக்க இப்போது, முகம்கூடத் தெரியாத அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்ணின் மேல் இருக்கிறது.